ஆர்.சி. (ரிமோட் கன்ட்ரோல்) காரில் சக்கரம் கழல்கிறதா? நட்டுக்கு முன்னால் ஹெக்ஸைப் பாருங்கள்

சக்கரம் ஒருமுறை கழன்று ஓடினால் எல்லோருடைய கையும் முதலில் ஸ்பேனரைத்தான் தேடும். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் நிற்கும் என்று முறுக்குவோம். ஒரு பேட்டரி தீரும்வரை நிற்கும், பிறகு மறுபடி கழலும். அடுத்த தடவை இன்னும் பலமாக முறுக்குவோம். இப்படியே போனால் ரிம்மின் நடுப்பகுதியில் விரிசல் விழும், இல்லையென்றால் ஆக்ஸிலின் மரை போகும்.

நட்டின் வேலை சக்கரத்தை அழுத்திப் பிடித்து வைப்பது மட்டும்தான். மோட்டாரிலிருந்து வரும் முறுக்கு விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பவை மூன்று: ஆக்ஸிலில் குறுக்கே செல்லும் பின் (சிறு உலோகக் கம்பி), அந்தப் பின்மேல் உட்காரும் அறுகோண ஹெக்ஸ், ஹெக்ஸைக் கவ்வும் ரிம்மின் குழி. இவற்றில் ஒன்றில் ஆட்டம் வந்துவிட்டால், வேகம் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் ஆக்ஸில்மேல் ஒரு பாகையோ இரண்டு பாகையோ முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு திருப்பமும் நட்டின் முகத்தை உரசி இழுக்கும். அந்த இழுப்பை நிறுத்தாமல் எவ்வளவு நல்ல நட்டைப் போட்டாலும் அது தளரத்தான் செய்யும். அதனால் இங்கே வேலை உள்ளேயிருந்து வெளியே போகிறது. நட்டு கடைசியில் வரும்.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்ட வண்டி தமியா டிடி-02 (TT-02). 1/10 அளவு, நான்கு சக்கர இழுவை, 12 மி.மீ. ஹெக்ஸ், எம்4 நட்டு (4 மி.மீ. மரை). கிட்டோடு வந்த பிரஷ் மோட்டாருக்குப் பதிலாக அதைவிட விசை கூடிய பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் (இரண்டு செல்) லித்தியம் பாலிமர் பேட்டரி. வெளியில் வாங்கிய பிளாஸ்டிக் ரிம்கள். கழல்வது வலது பின்சக்கரம். 12 மி.மீ. ஹெக்ஸ் என்பது 1/10 அளவுக்குப் பொதுவான அமைப்பு என்பதால், இங்கே சொல்வது டிராக்ஸஸ் ஸ்லாஷ் போன்ற வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பின்னின் அளவு மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

ஆட்டம் எங்கே இருக்கிறது

பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை ஒரு கட்டைமேல் ஏற்றுங்கள், நான்கு சக்கரமும் தரையைத் தொடக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தபடி ஆக்ஸிலின் நுனியைப் பாருங்கள். சக்கரத்தோடு சேர்ந்து நுனியும் அசைந்தால் குற்றம் பேரிங்கிலோ சஸ்பென்ஷன் மூட்டிலோ இருக்கிறது. நட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேய்ந்த பேரிங்கைப் பார்த்துவிட்டு நட்டு லூஸ் என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது. டிடி-02 சக்கரங்களில் இருப்பது 1150 பேரிங், அதாவது வெளிவிட்டம் 11 மி.மீ., உள்விட்டம் 5 மி.மீ. பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் (வெறும் வளையம்) போட்டு ஓடும் வண்டியாக இருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள். புஷ் தேயத் தேய ஆக்ஸில் சாயும். சாய்ந்த ஆக்ஸில்மேல் எந்த நட்டும் நேராக உட்காராது.

ஆக்ஸில் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் அடுத்த சோதனை. எதிர்ச் சக்கரத்தையும் ஸ்பர் கியரையும் (மோட்டாரின் சிறு பல்சக்கரம் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) அசையாமல் பிடித்துக்கொண்டு, சந்தேகப்படும் சக்கரத்தைச் சுழலும் திசையில் முன்னும் பின்னும் மெல்லத் திருப்புங்கள். கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளியால் கொஞ்சம் திரும்பும், அது இயல்பு. ஆனால் அப்படித் திருப்பும்போது ஆக்ஸில் நுனி நின்றுகொண்டிருக்க ரிம் மட்டும் திரும்பினால் ஹெக்ஸ் வேலையில்தான் கோளாறு. ஆக்ஸில் நுனியிலிருந்து நட்டு வழியாக ரிம் வரை மார்க்கரால் ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டால் இது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

இந்த வண்டியில் ரிம் திரும்பியது, ஆக்ஸில் திரும்பவில்லை.

பின்னும் ஹெக்ஸும்

7 மி.மீ. நட் டிரைவரால் நட்டைக் கழற்றி, சக்கரத்தை நேராக இழுத்தெடுங்கள். அடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்வது அவசியம். ஹெக்ஸ் கையோடு வரும்போது பின் நழுவி விழும். 2 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீளம் உள்ள அந்தப் பின் தரையில் விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம். பின் இல்லாமலே சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கினால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். ஓட்டினால் ஆக்ஸில் சக்கரத்துக்குள் சும்மா சுற்றும், சில நொடிகளில் நட்டையும் கழற்றிவிடும்.

பின்னை நகத்தால் தடவிப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ பள்ளம் தட்டினால் தூக்கிப்போட வேண்டியதுதான். பிறகு புதிய பின்னை ஆக்ஸில் துளையில் விட்டுப் பாருங்கள். புதிய பின்னும் தொளதொளவென்று ஆடினால் துளையே நீண்டுவிட்டது, ஆக்ஸிலை மாற்ற வேண்டும். இந்தப் பின்னுக்கு இன்னொரு பாரமும் உண்டு. நட்டை முறுக்கும்போது ரிம் ஹெக்ஸை அழுத்துகிறது, ஹெக்ஸ் பின்மேல் போய் முட்டுகிறது. அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது இந்த 2 மி.மீ. பின்தான். அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் ஹெக்ஸின் காடி பின்னுக்கு அடியில் நசுங்கி ஆழமாகும். ஹெக்ஸ் உள்ளே நகர நகர அழுத்தம் குறையும், நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பாமலே சக்கரம் லூஸாகும். நட்டு அப்படியே இருக்கிறது, சக்கரம் மட்டும் ஆடுகிறது என்ற புகார்களில் பல இப்படி வருபவை.

இங்கே நடந்திருந்ததும் அதுதான். கிட்டோடு வந்த பிளாஸ்டிக் ஹெக்ஸின் காடி அகன்று வாய் பிளந்திருந்தது. பிரஷ்லெஸ் மோட்டார் போட்ட நாளிலேயே பிளாஸ்டிக் ஹெக்ஸையும் மாற்றியிருக்க வேண்டும். என் பார்வையில், பிரஷ்லெஸ் வண்டியில் வேறு எந்த அலங்காரப் பாகத்துக்கும் முன்னால் வாங்க வேண்டியது நான்கு அலுமினிய ஹெக்ஸ்கள். அதிலும் கிளாம்ப் வகையை வாங்குங்கள்: பக்கவாட்டில் வெட்டு விட்டு, ஒரு சிறிய ஸ்க்ரூவால் ஆக்ஸிலை இறுக்கிப் பிடிக்கும் வகை. சக்கரத்தைக் கழற்றினாலும் ஹெக்ஸ் இடத்திலேயே நிற்கும், பின்னும் தொலையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஆக்ஸிலுக்கும் ஹெக்ஸுக்கும் இடையிலான ஆட்டம் அடியோடு போய்விடும். அந்த ஸ்க்ரூ மிகச் சிறியது, பொருந்தாத அலென் கீயைப் போட்டால் தலை வழுக்கிவிடும்.

கிளாம்ப் வகை கிடைக்காவிட்டால், சாதாரண ஹெக்ஸை மாட்டும்போது பின்மேல் கெட்டியான கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள். மாட்டி முடிக்கும்வரை பின் நழுவாமல் ஒட்டியிருக்கும். கிரீஸ் ஆக்ஸிலின் மரையில் படக் கூடாது.

புதிய ஹெக்ஸ் மாட்டியதும் ரிம் போடாமல் ஆக்ஸிலை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஹெக்ஸின் காடி அளவுக்கு மேல் ஆழமாக வெட்டப்பட்டிருந்தால் அதன் முதுகு பேரிங்கின் வெளி வளையத்தில் உரசும். 5 மி.மீ. உள்விட்டமுள்ள ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றைப் பேரிங்குக்கும் ஹெக்ஸுக்கும் நடுவில் போட்டால் உரசல் நிற்கும். ஷிம்மின் வெளிவிட்டம் 7 மி.மீ. அளவில் இருந்தால் அது பேரிங்கின் உள் வளையத்தை மட்டும் தொடும்.

ரிம்மின் குழி

ஹெக்ஸைக் கையில் எடுத்து ரிம்மின் குழியில் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். புதிய ரிம்மில் கொஞ்சம் அழுத்தித்தான் நுழையும், நுழைந்தபின் திரும்பாது. குழியின் ஆறு மூலைகளும் கூராக இருக்க வேண்டும். மூலைகள் மழுங்கி வட்டமாகத் தொடங்கியிருந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. டேப் சுற்றுவது, பசை ஊற்றுவது எல்லாம் அன்றைய மாலைக்கு உதவலாம். மறுநாள் குழி இன்னும் பெரிதாகியிருக்கும். பழைய ரிம்மைப் பார்வைக்கு வைக்கும் வண்டிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

குழியின் ஆழத்தையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள். ஹெக்ஸின் தடிமன் எவ்வளவு, அதில் எவ்வளவு குழிக்குள் போகிறது என்பதில்தான் ரிம்மின் ஆயுள் இருக்கிறது. 5 மி.மீ. ஹெக்ஸில் 2 மி.மீ. மட்டுமே குழிக்குள் நின்றால், விசை முழுவதும் அந்த மெல்லிய விளிம்பில் விழுந்து மூலைகளைச் சீவிவிடும். ஹெக்ஸ் முழுவதும் உள்ளே போய், அதன் முகம் குழியின் தரையில் படிந்து உட்கார வேண்டும். வார்ப்பில் விட்ட பிசிறு குழியின் தரையில் இருந்தால் கத்தி முனையால் சுரண்டிவிடுங்கள். அந்தப் பிசிறின்மேல் உட்கார்ந்த ஹெக்ஸ், நாலு தடவை ஓடியதும் பிசிறு நசுங்கி லூஸாகும்.

இனி நட்டு

எம்4 நைலாக் நட்டு, மரை இடைவெளி 0.7 மி.மீ., 7 மி.மீ. ஸ்பேனர். உள்ளே இருக்கும் நைலான் வளையம் மரையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். மரை அதை அறுத்துக்கொண்டு போகும்போது நைலான் இறுக்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் அந்தப் பிடி குறையும். எத்தனை தடவை தாங்கும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், சோதனை சுலபம்: ரிம் இல்லாமல் நட்டை விரலால் மட்டும் ஆக்ஸிலில் ஏற்றுங்கள். நைலான் தொடும் இடத்தில் விரல் தோற்று நிற்க வேண்டும். விரலாலேயே கடந்து போனால் அந்த நட்டு இனி சக்கரத்துக்கு ஆகாது.

நைலான் பிடிக்க வேண்டுமானால் ஆக்ஸில் அதைக் கடந்து வெளியே வர வேண்டும். நட்டின் முகத்துக்கு வெளியே ஒன்று அல்லது இரண்டு மரை, அதாவது 0.7 முதல் 1.4 மி.மீ. வரை ஆக்ஸில் நீட்டிக்கொண்டிருப்பது சரியான நிலை. ஆக்ஸில் நுனி நட்டுக்குள்ளேயே மறைந்திருந்தால் நைலான் காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியில் வாங்கிய ரிம்களில் இது நிறைய நடக்கும், ஏனென்றால் நடுப்பகுதியின் தடிமன் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. அகலம் கூட்டுவதற்காகத் தடித்த ஹெக்ஸ் போட்டாலும் அதே கதி. 6 மி.மீ. ஹெக்ஸ் போட்டு மரை போதவில்லையென்றால் 5 மி.மீ. ஹெக்ஸுக்கு வாருங்கள், இல்லையென்றால் ரிம்மை மாற்றுங்கள். உயரம் குறைந்த நட்டைத் தேடிப் போவது எனக்கு உடன்பாடில்லை, அதில் மரையும் குறைவு, நைலானும் குறைவு.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. ரிம்மின் நடுப்பகுதி மெல்லியதாக இருந்தால், நட்டு மரையின் கடைசி வரை போய் அங்கே முட்டி நின்றுவிடும். கைக்கு நல்ல டைட் என்று தோன்றும், சக்கரமோ ஆடும். நட்டுக்கும் ரிம்முக்கும் இடையில் ஒரு எம்4 வாஷர் போட்டால் தீரும். சாதாரண எம்4 வாஷர் 9 மி.மீ. வெளிவிட்டம், 0.8 மி.மீ. தடிமன்.

பிளாஸ்டிக் ரிம்முக்கு விளிம்பும் பல்லும் உள்ள நட்டுதான் நல்லது. விளிம்பு அழுத்தத்தைப் பரப்பும், பற்கள் பிளாஸ்டிக்கைக் கவ்வும். அலுமினிய ரிம்முக்குப் பல் இல்லாத விளிம்பு நட்டு போதும், பல் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ரிம்மைச் சுரண்டும். போல்ட் கடையில் கிடைக்கும் விளிம்பில்லாத நைலாக் நட்டைப் பயன்படுத்தினால் கீழே வாஷர் கட்டாயம்; இல்லாவிட்டால் 7 மி.மீ. முகம் பிளாஸ்டிக்குக்குள் புதைந்துகொண்டே போகும். இழுவைச் சக்கரங்களுக்கு ஸ்டீல் நட்டு வாங்குங்கள். வண்ண அலுமினிய நட்டு அழகுதான், ஆனால் ஸ்டீல் ஆக்ஸில்மேல் அதன் மரை சீக்கிரம் தேயும்.

எவ்வளவு முறுக்குவது? பிளாஸ்டிக் ரிம்மில், நட்டு ரிம்மைத் தொட்டு நின்ற இடத்திலிருந்து கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்குவதுதான் மிச்சம். சிறிய கைப்பிடியுள்ள நட் டிரைவரே போதும், நீண்ட கைப்பிடி கையை ஏமாற்றும். பேட்டரி டிரில்லில் சாக்கெட் மாட்டி வேகமாக ஏற்றக் கூடாது. உராய்வுச் சூட்டில் நைலான் இளகி, புதிய நட்டும் முதல் தடவையிலேயே பிடி இழக்கும்.

ஏன் வலது பக்கம்

பெரும்பாலான ஆர்.சி. கார்களில் நான்கு சக்கரத்திலும் ஒரே வலப்புற மரைதான், அதாவது கடிகாரத் திசையில் திருப்பினால் நட்டு இறுகும். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னோக்கி ஓடும் சக்கரம் கடிகாரத் திசையில் சுற்றும். திராட்டில் கொடுத்ததும் ஆக்ஸில் முந்தும், ஆட்டமுள்ள சக்கரம் பின்தங்கும். அதாவது ஆக்ஸிலைப் பொறுத்தவரை சக்கரம் எதிர்த் திசையில் திரும்புகிறது, நட்டையும் கழலும் திசைக்கு இழுக்கிறது. இடது பக்கத்தில் இது தலைகீழ்: திராட்டில் நட்டை முறுக்கும், பிரேக்கும் ரிவர்ஸும் கழற்றும். எனவே வலது சக்கரம் மட்டும் கழன்றால் வேகமெடுக்கும் விசையையும், இடது மட்டும் கழன்றால் பலமான பிரேக்கையும் சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், ஹெக்ஸ் ஆட்டத்தை நீக்குவது. இ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பிரேக் விசையையும் தொடக்க வேகத்தையும் குறைக்க வசதியிருந்தால் அதையும் செய்யலாம்.

லாக்டைட் எங்கே, எங்கே கூடாது

நைலாக் நட்டுக்கு லாக்டைட் (மரையைப் பூட்டும் பசை) வேண்டாம். இந்தத் திரவம் காற்றில்லாத இடத்தில், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில்தான் இறுகும். நைலானில் அது பிடிக்காது. வழிந்து ரிம்மில் பட்டால் ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் நுண்விரிசல் உண்டாக்கும். விரிசல் அன்றே தெரியாது, ஒரு மோதலில் ரிம்மின் நடுப்பகுதி அப்படியே பெயர்ந்து வரும்போதுதான் தெரியும்.

அது தேவைப்படுவது உள்ளே இருக்கும் உலோக ஸ்க்ரூக்களுக்கு. கிளாம்ப் ஹெக்ஸின் சிறு ஸ்க்ரூவுக்கு ஊதா நிற 222 போதும். ஆக்ஸிலைச் சுழற்றும் யுனிவர்சல் ஷாஃப்டின் கிரப் ஸ்க்ரூவுக்கு (தலையில்லாத சிறு ஸ்க்ரூ) நீல நிற 243. சிவப்பு நிற 271 இந்த வேலைக்கு வரவே கூடாது, அதைக் கழற்ற நல்ல சூடு கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, மரையில் ஒரு சிறு துளி மட்டும் வைத்து, முழுமையாக இறுக 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

சுதந்திரமாகச் சுற்றும் முன்சக்கரங்கள்

மேலே சொன்ன கால் சுற்றுக் கணக்கு இங்கே செல்லாது. தமியாவின் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் போன்ற 1984-ஆம் ஆண்டு வடிவமைப்புகளில் முன் ஆக்ஸில் சுற்றுவதில்லை. பேரிங் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. நட்டை முறுக்கினால் பேரிங் நெரிபடும், சக்கரம் கனமாகச் சுற்றும். நட்டு தொடும்வரை கொண்டுபோய், சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குப் பின்னால் எடுங்கள். பக்கவாட்டில் காகிதத் தடிமனுக்கு நகர்வு இருக்கலாம். அழுத்தமே இல்லாத இடத்தில் நட்டை நிறுத்திவைப்பது நைலான் ஒன்றுதான், ஆகவே பிடி போன நட்டை இங்கே ஒருநாளும் போடாதீர்கள். கியோஷோ மினி-இசட்டின் முன்சக்கரத்துக்கும் இதே முறை, நட்டு மட்டும் எம்2.

17 மி.மீ. ஹெக்ஸ்

17 மி.மீ. ஹெக்ஸ் வரும் 1/8 அளவு வண்டிகளில் நட்டே எம்12. மரை இடைவெளி 1.0 மி.மீ., 1.25 மி.மீ. என்று இரண்டு வகை கடையில் உண்டு, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றிப் போட்டால் ஒன்றரைச் சுற்றில் இறுகும். அங்கேயே நிறுத்தாமல் ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை இரண்டு பக்கமும் போய்விடும். முதலில் நட்டை எதிர்த் திசையில் மெல்லத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் டக்கென்று விழும். அங்கிருந்து முன்னோக்கி விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்டுப் பிறகு 17 மி.மீ. ஸ்பேனரை எடுங்கள். மண் ஒட்டிய மரையில் நட்டை ஏற்றவே கூடாது, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று கருவிப் பெட்டியில் இருக்கட்டும். வாய் மூடிய நட்டு வாங்கினால் மண் உள்ளே போவதும் குறையும்.

இந்த ஹெக்ஸ்களில் பின்னைப் பிடித்துவைக்க ஒரு கிரப் ஸ்க்ரூ இருக்கும். சக்கரம் தளரும் 1/8 வண்டியில் முதலில் அதைத்தான் பாருங்கள். அது தளர்ந்து பின் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் ரிம்மின் உள்பக்கத்தில் கீறல் தெரியும்.

மாட்டிய பின்

டிடி-02-க்கு அலுமினிய கிளாம்ப் ஹெக்ஸ் நான்கு, புதிய பின் நான்கு, வலது பின்பக்கத்துக்குப் புதிய ரிம், நான்கு விளிம்பு நட்டு. மாட்டி முடித்ததும் ஆக்ஸில் நுனியிலிருந்து நட்டு, ரிம், டயர் வரை வெள்ளை மார்க்கரால் ஒரே கோடு. புதிய பிளாஸ்டிக் ரிம் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் படியும் என்பதால், ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்திக் கோட்டைப் பார்த்து ஒருமுறை முறுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேட்டரி மாற்றும்போதும் ஒரு பார்வை போதும். நட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே கோடு உடைந்தால் நட்டு தளர்கிறது. நட்டு நின்று ரிம் மட்டும் விலகினால் ஹெக்ஸ் அல்லது குழி. ரிம்முக்கும் டயருக்கும் இடையே உடைந்தால் டயர் ஒட்டியது விட்டுவிட்டது. விளிம்பைச் சுத்தம் செய்து சயனோஅக்ரிலேட் பசையால் மறுபடி ஒட்ட வேண்டும்.

நட்டு கழல மறுத்து ஆக்ஸிலும் சேர்ந்து சுற்றினால், எதிர்ச் சக்கரத்தைப் பிடித்தும் நிற்காவிட்டால், ஆக்ஸிலின் உள்பக்கக் கப்பைத் துணி சுற்றிய பிளையரால் பிடியுங்கள். மரையில் ஒருபோதும் பிளையர் படக் கூடாது. முனை மழுங்கிய நட்டை ரோட்டரி கருவியின் வெட்டும் தட்டால் ஒரு பக்கம் அறுத்து, ஸ்க்ரூ டிரைவரால் விரித்து எடுக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள், தட்டு உடைந்தால் கண்ணை நோக்கித்தான் வரும். எடுத்த பின் எம்4 x 0.7 டை (மரை வெட்டும் கருவி) ஒன்றை ஆக்ஸிலில் ஓட்டி, புதிய நட்டை விரலால் ஏற்றிப் பாருங்கள். மரை இரண்டு இடத்திலாவது வழுக்கினால் ஆக்ஸிலை மாற்றிவிடுவது நல்லது.